புதுசா வச்ச இம்பிளான்ட் பல் 'கட்டை' மாதிரி இருக்கா? எது இயல்பு, எப்போ டாக்டரைப் பார்க்கணும்? முழு விளக்கம்

"டாக்டர் நல்லா பொருந்திருச்சுன்னு சொல்றாரு. கண்ணாடியில பார்த்தா அழகாத்தான் இருக்கு. ஆனா வாய்க்குள்ள ஏதோ கல்லை வச்ச மாதிரி இருக்கே..."

இம்பிளான்ட் மேல் புதிதாகப் பல் பொருத்திக்கொண்டு வீடு திரும்பும் பலர் முதல் வாரத்தில் சொல்வது இதுதான். சிலர் பயந்துபோய் மறுநாளே டாக்டரிடம் ஓடுகிறார்கள். சிலர் "வலி இல்லையே, போகப் போகச் சரியாகிடும்" என்று மாதக்கணக்கில் விட்டுவிடுகிறார்கள். இதில் இரண்டாவது ரகம்தான் அதிக ஆபத்து. ஏன் என்று பார்க்கலாம்.

விருதுநகர் மாவட்டம் எம். புதுப்பட்டி மாதிரி ஒரு பட்டாசுத் தொழில் ஊரில் இருக்கும் ஒரு அம்மாவுக்கு, கீழ்க் கடைவாய்ப் பல் ஒன்றை எடுத்து நாலைந்து வருஷம் ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். சிவகாசிக்கோ மதுரைக்கோ பஸ் ஏறி, ஒவ்வொரு தடவையும் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, சேர்த்து வைத்த பணத்தைக் கட்டி இம்பிளான்ட் வைத்திருக்கிறார். இப்போது அந்தப் பல் 'வேற மாதிரி' இருந்தால் அவர் மனசில் வரும் முதல் கேள்வி, "பணம் வீணாப் போச்சோ?" என்பதுதான். இன்னொரு நாள் கூலியை விட்டுவிட்டுத் திரும்பப் போய்க் காட்டுவதா, வேண்டாமா என்பதையும் அவர்தான் முடிவு செய்யணும்.

அந்த முடிவை எடுக்க உதவும் தகவல்கள் இங்கே.

முதலில், வாய்க்குள் என்ன இருக்கிறது?

இம்பிளான்ட் பல் மூன்று பாகம் கொண்டது. தாடை எலும்புக்குள் இறக்கும் டைட்டானியம் திருகு முதல் பாகம். அதன் மேல் ஈறு மட்டத்தில் நிற்கும் இணைப்புத் துண்டு இரண்டாவது. கண்ணுக்குத் தெரியும் பல், அதாவது 'கேப்' அல்லது 'கிரவுன்', மூன்றாவது. திருகு எலும்போடு ஒட்டிப்பிடிக்கப் பொதுவாக 3 முதல் 6 மாதம் வரை விடுவார்கள். அதற்குப் பிறகுதான் நிரந்தரமான கிரவுன் வரும்.

டைட்டானியம் எலும்போடு இப்படி ஒட்டிக்கொள்ளும் என்பது தற்செயலாகத் தெரிய வந்த விஷயம். 1952-ல் ஸ்வீடனைச் சேர்ந்த ஆய்வாளர் பெர்-இங்வார் பிரோனெமார்க், முயலின் கால் எலும்பில் ஒரு டைட்டானியக் கருவியைப் பொருத்தி ரத்த ஓட்டத்தைக் கவனித்துக்கொண்டிருந்தார். ஆய்வு முடிந்து கருவியை எடுக்கப் பார்த்தால் வரவில்லை. எலும்பு அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தது. 1965-ல் கோஸ்டா லார்சன் என்பவருக்கு முதன்முதலாகக் கீழ்த் தாடையில் டைட்டானியம் இம்பிளான்ட் வைக்கப்பட்டது. 2006-ல் அவர் இறக்கும் வரை, சுமார் 40 வருஷம், அந்தத் திருகுகள் வேலை செய்தன.

ஆக, நன்றாகப் பராமரித்தால் பல காலம் உழைக்கும் பொருள் இது. அப்படியானால் ஏன் 'சொந்தப் பல்' மாதிரி உணர்வு வருவதில்லை?

சொந்தப் பல்லுக்கு மெத்தை உண்டு, இம்பிளான்டுக்கு இல்லை

சொந்தப் பல் எலும்பில் நேரடியாகச் செருகி வைத்தது கிடையாது. வேருக்கும் எலும்புக்கும் நடுவே மெல்லிய நார் அடுக்கு ஒன்று இருக்கிறது. தடிமன் சுமார் 0.2 மில்லிமீட்டர்தான். ஆனால் இரண்டு பெரிய வேலைகளை அது செய்கிறது.

ஒன்று, மெத்தை வேலை. கடிக்கும்போது சொந்தப் பல் சுமார் 25 முதல் 100 மைக்ரான் வரை உள்ளே அமுங்கி எழும். (ஒரு மில்லிமீட்டரில் 1000 மைக்ரான். நம் தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான்.) இம்பிளான்ட் பல் அமுங்குவது 3 முதல் 5 மைக்ரான் மட்டுமே. கட்டில் மெத்தையில் உட்காருவதற்கும் திண்ணையில் உட்காருவதற்கும் உள்ள வித்தியாசம்தான் இது. 'கட்டை மாதிரி இருக்கு' என்று நீங்க சொல்வது கற்பனை இல்லை. நிஜமாகவே அது கெட்டியாகத்தான் நிற்கிறது.

இரண்டு, காவல்காரன் வேலை. அந்த நார் அடுக்கில் அழுத்தத்தை உணரும் நரம்பு முனைகள் நிறைய உண்டு. சோற்றில் பொடிக் கல் சிக்கினால் 'நறுக்' என்றதுமே வாய் நின்றுவிடுகிறதே, அதற்குக் காரணம் இந்த நரம்புகள்தான். இரண்டு சொந்தப் பற்களுக்கு நடுவே சுமார் 20 மைக்ரான் தடிமனுள்ள மெல்லிய தாளை வைத்தால்கூட நம்மால் உணர முடியும். ஒரு பக்கம் இம்பிளான்டாக இருந்தால் சுமார் 50 மைக்ரான் தடிமன் இருந்தால்தான் தெரியும்.

அதாவது இம்பிளான்ட் பல் முழுக்க மரத்துப்போனது இல்லை. எலும்பு, தசை, தாடை மூட்டு வழியாக மூளைக்குத் தகவல் போகிறது. ஆனால் கொஞ்சம் மந்தமாகப் போகிறது. மூளை இந்தப் புதுத் தகவலைப் படிக்கப் பழகுவதற்குச் சில வாரங்கள், சிலருக்குச் சில மாதங்கள் ஆகும்.

சூடான டீ குடித்தால் அந்தப் பல்லில் கூச்சம் வராது. அது சொத்தையும் ஆகாது. அதற்காக 'இனி கவலையே இல்லை' என்று நினைச்சிடாதீங்க. பல்லுக்கு ஒன்றும் ஆகாவிட்டாலும், அதைப் பிடித்திருக்கும் ஈறுக்கும் எலும்புக்கும் ஆபத்து உண்டு.

முதல் நாள் முதல் மூன்றாம் மாதம் வரை: எதெல்லாம் இயல்பு?

முதல் சில மணி நேரம்: கிரவுன் ஈறைத் தள்ளிக்கொண்டு உட்காருவதால் ஓர் அழுத்தம் தெரியும். பொருத்தியதும் ஈறு வெளுத்துப் போகலாம். பொதுவாகச் சில நிமிடங்களில் பழைய நிறத்துக்குத் திரும்பிவிடும். பக்கத்துப் பற்களுக்கு நடுவே ஆப்பு அடித்த மாதிரி இறுக்கமும் இருக்கும். ஒன்றிரண்டு நாளில் அது தளரும்.

முதல் வாரம்: பல் பெரிதாக இருப்பது போலத் தோன்றும். பல் இல்லாத இடத்தில் இத்தனை வருஷம் நாக்கு பரவிப் பழகிவிட்டது. கன்னமும் உள்பக்கம் சரிந்திருக்கும். அந்த இடத்தில் திடீரென்று ஒரு பல் வந்து உட்கார்ந்தால் நாக்கு அதைச் சும்மா விடாது, தடவிக்கொண்டே இருக்கும். எச்சில் கூடுதலாகச் சுரப்பதும் உண்டு. சாப்பிடும்போது கன்னத்தையோ நாக்கையோ ஒன்றிரண்டு தடவை கடித்துக்கொள்வதும் சகஜம்.

பேச்சு: முன்பல் கிரவுன் என்றால் ச, ஸ, த எழுத்துகள் கொஞ்சம் வழுக்கும். இதற்குச் சுலபமான பயிற்சி இருக்கு. 'சிவகாசி, சாத்தூர், ஸ்ரீவில்லிபுத்தூர், திருத்தங்கல்' என்று பஸ் கண்டக்டர் மாதிரி சத்தமாகத் தினமும் கொஞ்ச நேரம் சொல்லிப் பாருங்க. பேப்பரைச் சத்தம் போட்டுப் படித்தாலும் போதும்.

இரண்டு முதல் நான்கு வாரம்: பல வருஷமாக ஒரே பக்கம் மென்று பழகியவர்கள் மறுபக்கமும் மெல்லத் தொடங்கும்போது தாடைத் தசையில் லேசான அசதி வரும். உடற்பயிற்சி புதிதாகத் தொடங்கினால் கை கால் வலிப்பது போலத்தான் இதுவும். நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வரணும்.

ஒரு மாதத்துக்கு மேல்: பெரும்பாலானவர்கள் 'அந்தப் பல் எந்தப் பக்கம்' என்பதையே மறந்து சாப்பிட ஆரம்பித்திருப்பார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்றுதான். இயல்பான உணர்வு நாளாக ஆகக் குறையும். கோளாறு அப்படியே நிற்கும், இல்லையென்றால் கூடும்.

'லேசா கடிச்சா அந்தப் பல் முட்டவே இல்லை'. இது தப்பா?

பலரையும் குழப்பும் விஷயம் இது. "இவ்வளவு செலவு பண்ணி வச்ச பல், எதிர்ப் பல்லோடு சரியா சேரவே இல்லையே" என்று தோன்றும்.

பெரும்பாலும் இது டாக்டர் வேண்டுமென்றே செய்வது. சொந்தப் பற்கள் கடிக்கும்போது அமுங்கும், இம்பிளான்ட் அமுங்காது என்று பார்த்தோம். எல்லாம் ஒரே உயரத்தில் இருந்தால், அழுத்திக் கடிக்கும்போது சொந்தப் பற்கள் உள்ளே போக, மொத்த பாரமும் இம்பிளான்ட் மேல் விழும். அதனால் லேசாகக் கடித்தால் மெதுவாகத் தொடுகிற மாதிரியும், அழுத்திக் கடித்தால் முழுதாகச் சேர்கிற மாதிரியும் ஒரு முடி அளவு இடைவெளி விடுவார்கள்.

ஆனால் அழுத்தி மென்றாலும் அந்தப் பக்கம் சாப்பாடு அரைபடவே இல்லை என்றால் டாக்டரிடம் சொல்லணும்.

உயரமா இருக்கா? வீட்டிலேயே ஒரு சோதனை

நிமிர்ந்து உட்காருங்க. எச்சிலை விழுங்கிவிட்டு, பற்களை மெதுவாகச் சேருங்க. எந்தப் பல் முதலில் முட்டுகிறது? இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் சேர்ந்தால் நல்லது. புதுப் பல் மட்டும் முதலில் 'டக்' என்று முட்டினால், அது உயரமாக இருக்கிறது என்று அர்த்தம்.

டாக்டரின் நாற்காலியில் சாய்ந்து படுத்திருக்கும்போது கடிப்பதற்கும் நிமிர்ந்து உட்கார்ந்து கடிப்பதற்கும் சின்ன வித்தியாசம் வரும். அதனால் கிளினிக்கில் சரியாகத் தோன்றியது வீட்டுக்கு வந்ததும் இடிக்கலாம். அதில் டாக்டர் தப்பும் இல்லை, உங்க தப்பும் இல்லை. கலர் பேப்பரைக் கடிக்கச் சொல்லிப் பார்த்து, மை படிந்த இடத்தை லேசாகத் தேய்த்துவிடுவார். சில நிமிட வேலை. நாற்காலியை விட்டு இறங்கும் முன்பே "ஒரு தடவை உட்கார்ந்து கடிச்சுப் பார்த்துக்கிறேன் டாக்டர்" என்று கேட்பதில் தவறே இல்லை.

'கடிச்சுக் கடிச்சுத் தேய்ஞ்சு தானா சரியாகிடும்' என்று மட்டும் விட்டுடாதீங்க. இப்போது பரவலாக வைக்கப்படும் ஜிர்கோனியா கிரவுன் மிகக் கடினமான பொருள். அது தேய்வதற்குள் எதிரே இருக்கும் உங்க சொந்தப் பல் தேயும், அல்லது விரிசல் விடும்.

இதைவிட முக்கியமான விஷயம், சொந்தப் பல் உயரமாக இருந்தால் இரண்டே நாளில் வலி எடுத்து உங்களை டாக்டரிடம் விரட்டிவிடும். இம்பிளான்டுக்கு அந்தக் காவல்காரன் இல்லை. பாரம் கூடுதலாக விழுந்தாலும் வலிக்காது. உள்ளே திருகு தளரலாம், கிரவுன் உடையலாம், நாளாக ஆகச் சுற்றியுள்ள எலும்பும் பாதிக்கப்படலாம். 'வலி இல்லை' என்பதை 'எல்லாம் நல்லா இருக்கு' என்று எடுத்துக்கொள்ள முடியாததற்கு இதுதான் காரணம்.

சாப்பாடு சிக்குகிறதே, என்ன செய்ய?

கீழ்க் கடைவாய்ச் சொந்தப் பல்லின் அகலம் சுமார் 10 மில்லிமீட்டர். ஆனால் இம்பிளான்ட் திருகின் விட்டம் பொதுவாக 4 முதல் 5 மில்லிமீட்டர்தான். மெல்லிய தண்டில் அகலமான காளான் குடை நிற்பது போல, ஈறை ஒட்டிக் கிரவுனுக்குக் கீழே சின்ன இடுக்கு இருக்கத்தான் செய்யும். பக்கவாட்டில் கீரையோ கறி நாரோ போய் ஒட்டுவது இதனால்தான். சுத்தம் செய்யத் தெரிந்தால் இது பிரச்சினை இல்லை.

ஆனால் இரண்டு பற்களும் தொடும் இடத்தின் வழியாக, மேலிருந்து சாப்பாடு இறங்கி இறுகச் சிக்கினால் அது வேறு விஷயம். அங்கே இடைவெளி விட்டிருக்கிறது என்று அர்த்தம். சொந்தப் பற்கள் வருஷக்கணக்கில் மெதுவாக நகரும், இம்பிளான்ட் நகராது. அதனால் முதலில் இறுக்கமாக இருந்த இடம்கூடப் பிறகு திறந்துகொள்ளலாம். இதை டாக்டரிடம் காட்டிச் சரி செய்யணும்.

சிக்கியதை எடுக்க ஊக்கு, குண்டூசி, தீக்குச்சி எல்லாம் வேண்டவே வேண்டாம். தீப்பெட்டிக்குப் பேர் போன ஊரில் தீக்குச்சி கைக்கு எளிதாகக் கிடைக்கும்தான். ஆனால் அது ஈறைக் குத்திப் புண்ணாக்கும், முனை உடைந்து உள்ளேயே தங்கும். மருந்துக் கடையில் கிடைக்கும் பல் இடுக்கு பிரஷ் போதும். எந்த அளவு பிரஷ் என்பதை டாக்டரிடம் ஒரு தடவை கேட்டுக்கொள்ளுங்க. இடுக்குக்குப் பெரிதான பிரஷைத் திணிக்கக் கூடாது. தினமும் இரவு ஒரு தடவை கட்டாயம்.

பட்டாசு ஆலையில் வேலை பார்ப்பவர்களுக்கு ஒரு கூடுதல் குறிப்பு. மதியச் சாப்பாட்டு நேரத்தில் பல் இடுக்கைச் சுத்தம் செய்வதாக இருந்தால் முதலில் சோப்புப் போட்டுக் கையைக் கழுவுங்க. மருந்தும் அலுமினியப் பொடியும் ஒட்டிய கையை வாய்க்குள் விடக் கூடாது. சரம் பின்னும்போதோ தைக்கும்போதோ நூலைப் பல்லால் கடித்து அறுக்கும் பழக்கம் இருந்தால் இனி கத்தரிதான். முன்பல் கிரவுனுக்கு அந்தப் பக்கவாட்டு இழுப்பு ஆகவே ஆகாது.

பால்கோவாவிலிருந்து காராசேவு வரை: எதை எப்போ சாப்பிடலாம்?

உங்க டாக்டர் தனியாக ஏதாவது சொல்லியிருந்தால் அதுதான் கணக்கு. பொதுவாக இப்படிப் படிப்படியாகப் போகலாம்.

முதல் ஒரு நாள்: கிரவுனைச் சிமென்ட் வைத்து ஒட்டியிருந்தால் ஒட்டும் மிட்டாய், சூயிங்கம் வேண்டாம்.

முதல் இரண்டு மூன்று நாள்: இட்லி, தயிர் சாதம், குழைந்த பருப்புச் சாதம். சர்க்கரை நோய் இல்லாதவர்கள் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவைத் தாராளமாகச் சுவைக்கலாம்.

அடுத்த ஒன்றிரண்டு வாரம்: சப்பாத்தி, தோசை, நன்றாக வெந்த கறி. சின்னத் துண்டுகளாக, இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி மெல்லுங்க. பேசிக்கொண்டே சாப்பிடாதீங்க, கன்னம் கடிபடும்.

பழகிய பிறகு: விருதுநகர் பொரிச்ச பரோட்டா, சாத்தூர் காராசேவு எல்லாம் உங்க வழிக்கு வரும். கைநிறைய அள்ளிப் போடாமல் கொஞ்சம் கொஞ்சமாக.

எப்போதுமே வேண்டாம்: சோடா மூடியைப் பல்லால் திறப்பது, ஐஸ் கட்டியைக் கடிப்பது, கொட்டைப் பாக்கை உடைப்பது, கரும்பைக் கடித்து உரிப்பது, நல்லி எலும்பை நொறுக்குவது. புகை பிடிப்பவர்களுக்கு இம்பிளான்ட் தோற்றுப்போகும் வாய்ப்பு அதிகம். புகையிலையை விடுவதற்கு இதைவிட நல்ல காரணம் கிடைக்காது. சர்க்கரை நோய் உள்ளவர்கள் அளவைக் கட்டுக்குள் வைத்திருக்கணும்.

உடனே டாக்டரைப் பார்க்க வேண்டிய அறிகுறிகள்

கிரவுன் லேசாக ஆடுவது, அல்லது கடிக்கும்போது 'கிளிக்' என்று சத்தம் வருவது. உள்ளே திருகு தளர்ந்திருக்கலாம். தொடக்கத்திலேயே போனால் முடுக்கி விடுவார்கள். ஆடும் பல்லில் தொடர்ந்து மென்றால் திருகு உடைந்துபோகும்.

ஈறு சிவந்து வீங்குவது, துலக்கும்போது ரத்தம், சீழ், விடாத கெட்ட வாடை. ஒட்டும்போது கசிந்த சிமென்ட் ஈறுக்குள் தங்கினாலும் இப்படி வரும். கவனிக்காமல் விட்டால் எலும்பு கரையும்.

கீழ் உதடு, தாடையில் மரமரப்பு. ஊசி மருந்தின் வேகம் போன பிறகும் இது இருந்தால் அன்றைக்கே தகவல் சொல்லுங்க.

இரண்டு வாரம் தாண்டியும் ஒரே இடத்தில் கன்னம் கடிபடுவது, மெல்லும்போது வலி.

காலையில் எழும்போதே தாடை வலி, தலைவலி. தூக்கத்தில் பல்லைக் கடிக்கிறீர்களா என்று வீட்டில் உள்ளவர்களைக் கேளுங்க. இரவில் மாட்டிக்கொள்ளும் பல் உறை இதற்கு உதவும்.

கிரவுன் கழன்று கையோடு வந்துவிட்டால் பதறாதீங்க. கழுவி ஒரு டப்பாவில் போட்டு டாக்டரிடம் கொண்டு போங்க. கடையில் விற்கும் பசையை வைத்து நீங்களே ஒட்டிக்கொள்வது மட்டும் கூடவே கூடாது. தூக்கத்தில் கழன்று தொண்டைக்குள் போய்விடும் அபாயம் உண்டு.

பலரும் கேட்டு வாங்காத ஒரு சீட்டு

இம்பிளான்ட் வைத்தவர்கள் கட்டாயம் கையில் வைத்திருக்க வேண்டியது அதன் விவரச் சீட்டு. எந்தக் கம்பெனி, என்ன அளவு, எந்தத் தேதியில் வைத்தது, கிரவுன் திருகில் நிற்கிறதா அல்லது சிமென்டில் ஒட்டியதா என்பதெல்லாம் அதில் இருக்கும்.

இது ஏன் முக்கியம்? திருகை முடுக்கும் கருவி கம்பெனிக்குக் கம்பெனி மாறும். நாலு வருஷம் கழித்து உங்க டாக்டர் ஊர் மாறிப் போயிருக்கலாம், நீங்க பிள்ளைகளோடு திருப்பூருக்கோ சென்னைக்கோ குடிபோயிருக்கலாம். அப்போது புது டாக்டர் முதலில் கேட்பது இந்த விவரத்தைத்தான். சீட்டை வாங்கி, போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்க. கிரவுன் பொருத்திய அன்று எடுத்த எக்ஸ்ரேயும் கூடவே இருக்கட்டும். பின்னால் எலும்பு குறைந்திருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பார்க்க அது உதவும்.

வேலை நாளை எப்படித் திட்டமிடுவது?

கூலி வேலைக்குப் போகிறவர்களுக்கு டாக்டரிடம் திரும்பப் போவதுதான் பெரிய சிரமம். தீபாவளி நெருங்கும்போது பட்டாசு ஆலைகளில் வேலை நெருக்கும். அந்தச் சமயம் ஒரு நாள் லீவு போடுவது சுலபம் இல்லை. முடிந்தால், தீபாவளி முடிந்து ஆலைகள் மூடியிருக்கும் நாட்களில் கிரவுன் பொருத்தும் மாதிரி முன்கூட்டியே டாக்டரிடம் பேசி வையுங்க. முதல் இரண்டு வாரத்தில் ஒரு தடவை, பிறகு ஆறு மாதத்தில், அதன் பின் வருஷத்துக்கு ஒரு தடவை என்று பார்த்துக்கொள்வது நல்லது.

நேரில் போவதற்கு முன் போன் செய்து, "புதுப் பல் முதல்ல முட்டுது", "கிளிக்னு சத்தம் வருது", "மேலிருந்து சாப்பாடு சிக்குது" என்று குறிப்பாகச் சொல்லுங்க. "ஒரு மாதிரியா இருக்கு" என்று மட்டும் சொன்னால் அவசரமா இல்லையா என்பது எதிர்முனையில் இருப்பவருக்குப் புரியாது. சரியாகச் சொன்னால், வீணாக ஒரு நாள் அலைவதும் மிச்சம், போக வேண்டிய நாளில் போகாமல் விடுவதும் தவிரும்.

எம். புதுப்பட்டியில் இருக்கும் அந்த அம்மாவுக்கும் இதே பதில்தான். பல் கெட்டியாக, பெரிதாக, அந்நியமாகத் தோன்றினால் ஒரு மாதம் பொறுங்க, பணம் எங்கேயும் போய்விடவில்லை. முதலில் முட்டினாலோ, ஆடினாலோ, ரத்தம் வந்தாலோ வலிக்காகக் காத்திருக்காதீங்க. அந்தப் பல்லுக்கு வலிக்காது.

(இது பொதுவான தகவலுக்காக மட்டுமே. உங்கள் சிகிச்சை தொடர்பான முடிவுகளை உங்கள் பல் மருத்துவரின் ஆலோசனைப்படி எடுக்கவும்.)